டெல்வின் பின்னிய பரங்கிக்காய்கள்

செப்டம்பரில் சோளக்கொல்லை மஞ்சளடிக்கத் தொடங்கியதும் டெல்வின் ஒரு காரியம் செய்வான். வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே, சமையலறையில் தெருவைப் பார்த்த ஜன்னலின் திரையை இழுத்து மூடுவான். வெளியே வெயில் மிச்சமிருக்கும். அவன் மனைவி ஆர்டிஸ் ஒன்பது வருடமாக இதைப் பார்த்துவந்தாள். திரை மூடியதும் மேசை இழுப்பறை திறக்கும். கொக்கி ஊசியும் ஆரஞ்சு நிறக் கம்பளி நூலும் வெளியே வரும்.

கோடையில் மாவட்டச் சாலைகளின் ஓரத்தில் புல் வெட்டுவதும், குளிர்காலத்தில் பனி வாரும் வண்டி ஓட்டுவதும் அவன் வேலை. மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், நோர்டால் என்ற அந்தச் சின்ன ஊரில் அவன் வாரிவிடாத தெரு கிடையாது. பேச்சு குறைவு. முன்பெல்லாம் வாயில் எப்போதும் புகையிலை அடங்கியிருக்கும். பல் டாக்டர் ஈறில் வெள்ளையாக ஒரு திட்டைக் காட்டிப் பயமுறுத்திய அன்றே விட்டான். விட்ட பிறகு கை சும்மா இருக்கவில்லை. நாற்காலியைத் தட்டியது, நகத்தைப் பிய்த்தது. ஆர்டிஸ் என்றோ தள்ளுபடியில் வாங்கி, தொடாமலே பரணில் போட்டிருந்த நூல் பெட்டி அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. ஊசியும் படப் புத்தகமும் அதற்குள்ளேயே இருந்தன. படங்களெல்லாம் வலது கைக்காரர்களுக்கானவை. அவனுக்கோ எல்லாமே இடது கை. புத்தகத்தைச் சவரக் கண்ணாடி முன்னால் பிடித்து, கண்ணாடியில் தெரிந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

பெரிதாக ஒன்றுமில்லை. கைக்கு அடங்கும் பரங்கிக்காய். உள்ளே பஞ்சு, காம்புக்கு ஒரு துண்டு இலவங்கப்பட்டை. பிறகு மேப்பிள் இலை, ஓக் இலை. இரண்டு பேர் வாழும் வீட்டின் ஜன்னல் விளிம்புக்கு அது போதும்.

அந்த முதல் வருடமே எதிர்வீட்டு லவோன், ஆப்பிள் பை பலகாரம் வாங்கிப்போன தட்டைத் திருப்பித் தர வந்தவள், ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏண்டி ஆர்டிஸ், இதெல்லாம் நீயா பின்னின?"

ஆர்டிஸ் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து டெல்வின் சொன்னான்: "பின்ன? நானா பின்னுவேன்?"

தினமும் காலையில் தானியக் கிடங்கில் காபி குடிக்கும் கூட்டத்துக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னான். அங்கே ஓரின் என்று ஒருவன் இருந்தான். யாராவது புதுத் தொப்பி போட்டு வந்தால்கூட ஒரு மாதத்துக்கு விடமாட்டான்.

அன்றிலிருந்து ஊரெல்லாம் ஆர்டிஸின் பரங்கிக்காய் என்றே பேச்சு. சர்ச் இலையுதிர்கால விற்பனையில் முதலில் தீர்வது அதுதான். யாராவது புகழ்ந்தால் அவள் சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வரும் வழியில் அடுத்தவர் கோட்டைப் போட்டுக்கொண்டு நடப்பது போல இருக்கும். ஆனால் கழற்றவும் மனம் வரவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் பாத்திரம் கழுவியவளை அதற்காக யாரும் புகழ்ந்ததில்லை. நான் காப்பாற்றுவது அவன் ரகசியத்தையா, எனக்குக் கிடைத்த பேரையா என்று சில நேரம் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

போன வருடம் வந்தது வினை. விற்பனையன்று ஆர்டிஸ் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து பின்னிக் காட்டுவாள் என்று லவோன் யாரையும் கேட்காமலே நோட்டீஸ் அடித்துவிட்டாள்.

"உண்மையைச் சொல்லிடுறேன் டெல்வின்," என்றாள் ஆர்டிஸ்.

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு. ஓரின் என்னை உயிரோட விடமாட்டான்."

"அப்ப நான் அங்க போய் என்னத்தப் பின்னுறது? எனக்கு ஊசிய எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாதே!"

"ரெண்டு வாரம் இருக்கில்ல? எதிர்ல உக்காரு."

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் இடது கை செய்வதை அவள் வலது கை செய்தது. முதல் பரங்கிக்காய் முடிந்ததும் டெல்வின் அதை உருட்டிப் பார்த்தான்.

"உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்கு."

"வாய மூடு."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இரண்டாம் வார முடிவில் பார்க்கும்படியாக ஒன்று வந்தது.

சனிக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் காபி வாசனையும் ஈரக் கோட்டு வாசனையும் நிறைந்திருந்தன. மேசையைச் சுற்றிப் பெண்கள். ஆப்பிள் பை சாப்பிட வந்த கிடங்குக் கூட்டம் சுவரோரம். டெல்வின் காபிக் கெண்டியோடு கோப்பை கோப்பையாக ஊற்றிக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் மெதுவாகப் பத்துச் சுற்றுப் பின்னினாள். லவோன் விற்பனைக்கு இருந்த பரங்கிக்காய் ஒன்றை எடுத்து அவள் கையிலிருந்ததோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"இதென்னடி? இதுல பின்னல் இடப்பக்கம் சாஞ்சு ஓடுது. உன் கையில இருக்கிறது வலப்பக்கம் ஓடுது. ஒரே கை ரெண்டு விதமா பின்னுமா?"

புது முறை என்று சொன்னால் முடிந்தது. அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஒன்பது வருடப் பேரும் அதில்தான் தொங்கியது. ஆனால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொல்லச் சத்தியம் விடவில்லை. தலை குனிந்து நூலையே பார்த்தாள். கழுத்து வரை சிவந்துவிட்டது. யாரோ இருமினார்கள்.

டெல்வின் கெண்டியை மேசையில் வைத்தான்.

"தள்ளு," என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியை இடது கையில் வாங்கினான். புதிதாக ஒரு இலையை ஆரம்பித்தான். புல் வெட்டும் வண்டியின் மசை படிந்த அந்தத் தடித்த விரல்களுக்கிடையே நூல் ஓடிய வேகத்தைப் பார்க்க எல்லோரும் மேசையை நெருங்கினார்கள்.

ஓரின்தான் முதலில் வாய் திறந்தான். "அடப்பாவி! போன வருஷம் என் வாசல்ல பனி வார நீ ஏன் பத்து மணிக்கு வந்தேன்னு இப்பல்ல தெரியுது!"

"உன் வாசலுக்குப் பத்து மணியே சீக்கிரம்டா," என்றான் டெல்வின், தலை நிமிராமல். காது மட்டும் சிவந்திருந்தது.

கூட்டம் சிரித்தது. டெல்வின் பின்னலை நிறுத்தவில்லை.

"ஏண்டி, ஒன்பது வருஷமா உன்னைப் புகழ்ந்தேனே, அத்தனையும் திருப்பிக் குடு," என்றாள் லவோன்.

"எடுத்துக்கடி. எனக்கு அந்த உருளைக்கிழங்கு போதும்," என்றாள் ஆர்டிஸ். சொன்ன பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை ஓரினின் டிரக் அவர்கள் வாசலில் நின்றது. அவன் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, வெளியே வந்த டெல்வினிடம் வானத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"கதவச் சுத்தித் தொங்கவிடுற மாதிரி இலைச் சரம் ஒண்ணு வேணும். இருபத்திநாலு இலை. யார்கிட்டயும் சொல்லாத."

"யாருக்கு?"

"கதவுக்குடா. கதவு கேட்டுச்சு."

சுத்தம் செய்த இரண்டு காட்டுக்கோழிகளைக் கூலியாக நீட்டிவிட்டுப் போனான். அன்றிரவே அவற்றை வெங்காயமும் கிரீமும் போட்டு அடுப்பில் வேகவைத்துச் சாப்பிட்டார்கள்.

பத்தொன்பது இலை முடிந்திருந்தபோது நவம்பர் முதல் வாரத்திலேயே பனி கொட்டிவிட்டது. விடிவதற்கு முன் வண்டியேறிய டெல்வின் இருட்டித்தான் இறங்கினான். வந்ததும் நாற்காலியிலேயே தூங்கினான். ஆர்டிஸ் பத்தொன்பதையும் கோத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மீதியைத் தானே பின்னித் தருவதாகச் சொல்லிப் பார்த்தாள். ஓரின் ஒப்பவில்லை.

"கோழியத் தின்னது அவன்தானே? அவனே குடுக்கட்டும்."

சரம் இடது பக்கத்தில் ஏறி, தலைக்கு மேலே போய், வலது பக்கம் பாதியில் நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்றவன், வாசலில் நின்று பார்க்கிறவர்களிடமெல்லாம் தானே சொல்கிறான்:

"மீதி அஞ்சு இலை டெல்வின்கிட்ட நிக்குது. ரெண்டு கோழியையும் தின்னுட்டான், எலும்பக்கூட மிச்சம் வைக்கல."

பனி உருகி, சோளம் மறுபடி முளைத்துவிட்டது. அந்த ஐந்து இலைகள் இன்னும் வரவில்லை.