மீதி வராத இருபத்து மூன்று

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வெற்றிலை வாங்கப் போய்விடுகிற ஆள் நான். கணக்கு வாத்தியார், ஐயா. விடை வராவிட்டால் கூட்டலில் தப்பு என்று சொல்லிப் பிழைக்கிற இனம். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சி, கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. குண்டனி நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு என்னை மாற்றினார்கள், புது மனைவியோடு மலை ஏறினேன், பின்னாலேயே மலைக்காய்ச்சலும் வந்து என்னை விட்டுவிட்டு அவளைப் பிடித்தது. கொயினா மாத்திரை தீர்ந்து பிதற்ற ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கே சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தேறமாட்டாள். சோளக்காடு என்ற மலையூரில், மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்கும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டோம். கூட்டத்தை நடத்தியவர் சடையன் என்கிற மிளகுக்காரர்.

மத்தியானமே மஞ்சு என்று அவர்கள் சொல்லும் மூடுபனி இறங்கி, பக்கத்து ஆள் முகம் மறைந்துவிட்டது. மஞ்சு என்றால் அவர்கள் மூன்று மூன்று பேராகக் கைகோத்துத்தான் இறங்குவார்கள். ஒருவன் வழுக்கினால் ஒருவன் பிடிக்க, ஒருவன் கத்த. ஒவ்வொரு மூவரும் "சேந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆள் மிஞ்சினால் பயணம் மறுநாளைக்கு.

மஞ்சு மூடுமுன்பே எண்ணியிருந்தேன், எங்களையும் சேர்த்து இருபத்து மூன்று. பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் வகுபடாது. மூன்று ஐந்து, பதினொன்று பதின்மூன்று, பதினேழு பத்தொன்பது என்று மற்றவையாவது இரண்டு தள்ளி ஒரு ஜோடி வைத்திருக்கும். ஒற்றைப்படைப் பகா எண்களில் துணையில்லாத முதல் ஆள் இதுதான், என் மாமனார் மாதிரி யாரோடும் ஒட்டாது. மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். வரிசையில் கடைசி இரண்டு பேர் நாங்கள்.

"மூணு மூணா வராதுங்க சடையண்ணே."

"வந்தா இப்பப் போலாம், வராட்டி விடிஞ்சு போலாம்."

"விடியற வரைக்கும் இவ தாங்கமாட்டா."

"ரெண்டு பேரா உட்டுத்தானுங்க எம் மச்சானப் பறிகுடுத்தேன். நில்லுங்க வாத்தியாருங்க."

முன்னாலிருந்து குரல்கள் வந்தன. சேந்தாச்சு, சேந்தாச்சு... ஏழு. நான் அவள் இடக்கையைப் பிடித்தபடி, எப்படிக் கெஞ்சலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்தே எட்டாவது "சேந்தாச்சு" கேட்டது. நான் சொல்லவில்லை. அவளுக்குப் பல் கிட்டியிருந்தது.

"வந்துருச்சே! வகுத்துக்கிட்டே நிக்காம நடங்க சாமி!" என்று முன்னாலிருந்து சடையன் கத்தினார்.

நடந்தோம். நம்பினால் நம்புங்கள், அவள் பாரம் எனக்குப் பாதிதான் தெரிந்தது. அவளுடைய வலப்பக்கம் எட்டிப் பார்க்கும் வீரம் கணக்குப் பாடத்தில் கிடையாது.

அடிவாரத்தில் மஞ்சு கலைந்தது. முதல் காரியமாக எண்ணினேன். இருபத்து மூன்று. மறுபடி மூன்று மூன்றாக நிறுத்தச் சொன்னேன். "எறங்கியாச்சில்லீங்க, இனி என்னத்துக்குங்க கணக்கு?" என்று சடையன் மூட்டையோடு போய்விட்டார்.

டாக்டர் ஊசி போட்டார், பிழைத்தாள். கண் திறந்ததும் கேட்டாள், "அந்தப் பக்கம் புடிச்சிட்டு வந்தவங்களுக்குச் சோறு போட்டீங்களா?"

இன்றும் தெருவில் அவள் சுவரோரம் ஒட்டமாட்டாள், வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டே நடப்பாள். கேட்டால் பேச்சை மாற்றுவாள். காய்ச்சல் விட்டுப்போன பழக்கம் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சந்தை நாளில், ஆளை ஆள் இடித்துக்கொண்டு போகிற நெரிசலிலும், அந்த இடைவெளிக்குள் ஒருத்தராவது புகுந்து போய் நான் பார்த்ததில்லை. எதிரே வருகிறவர்கள் சற்று ஒதுங்கி, வழிவிட்டுப் போகிறார்கள்.