கருணாகரன் குடித்த படையல் விஸ்கி

கருணாகரன் கார்க்குகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, திருகுகம்பியை இறக்கி, சத்தமில்லாமல் ஒரே இழுப்பு. பிறகு பாட்டிலின் வாயை மூக்கருகே கொண்டுபோவார். மூக்கு சம்மதித்தால்தான் நாக்கில் படும். மேசை நிறைய விஸ்கி, பிராந்தி, ஜின். எல்லாம் மலாக்காக் கடைகளிலிருந்து ஜப்பான்காரர்கள் பறித்து வந்தவை. இடம், கிளேபாங் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரர் போட்டுவிட்டு ஓடிய பங்களா. அங்கே குடியிருந்த ஜப்பானிய அதிகாரிக்கு விஸ்கி மேல் ஆசை, அதைவிடப் பயம் அதிகம். மலாயா ஜப்பான்காரர் கையில் இருந்த காலம் அது, ஊரில் நல்ல பாட்டில்களில் சம்சுவை ஊற்றி, கருக்கிய சீனியால் நிறமேற்றி விற்றார்கள். சம்சு என்பது கள்ளத்தனமாகக் காய்ச்சிய சாராயம். சிலர் அதோடு மெருகு வேலைக்கு வாங்கும் மரச்சாராயத்தையும் கலந்தார்கள். அதைக் குடித்தவனுக்குக் கண் போகும். அதிகம் குடித்தால் ஆளே போவான். அதனால் அதிகாரிக்கு முன்னால் குடித்துக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஒரு பாட்டிலை முகர்ந்ததும் கருணாகரன் கீழே வைத்தார்.

"தா பாகுஸ்," என்றார். நல்லதில்லை என்று மலாயில் சொன்னார்.

பாட்டிலைக் கொட்டிவிடுவார்கள் என்று நினைத்தார். பின்னால் நின்ற சார்ஜன்ட் வெளியே போய், அங்கே பிடித்துவைத்திருந்த கடைக்காரர்களில் அந்தப் பாட்டிலுக்குரிய சீனரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தான். துப்பாக்கிக் கட்டையால் முதல் அடி வாயில் விழுந்தது. அடுத்தது காதோரம். விழுந்த மனிதர் எழவில்லை. அதற்குப் பிறகும் சார்ஜன்ட் அடித்தான், மூச்சு வாங்கும்வரை அடித்தான். தரையோடு பூட்ஸைத் தேய்த்துவிட்டு, அடுத்த பாட்டிலைக் கருணாகரன் பக்கம் தள்ளினான். அவர் கார்க்கைப் பிடுங்கினார்.

இதை அவரே என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு எந்தப் பாட்டிலையும் நல்லதில்லை என்று அவர் சொன்னதில்லை. "கார்க் சுருங்கிப் போச்சு, காத்து புகுந்திருச்சு," என்பார். காற்றின்மேல் பழியைப் போட்டால் யாரையும் இழுத்துவர முடியாது.

கருணாகரன் தோட்டத்துத் தமிழர் வீட்டுப் பிள்ளை. சண்டைக்கு முன்பு வெள்ளைக்காரர்களின் கிளப்பு ஒன்றில் மதுபானங்களுக்குப் பொறுப்பாக இருந்தார். குடிகாரர் இல்லை, ஆனால் ருசி பார்ப்பதில் பிடிவாதக்காரர். புகை வாசம் அடிக்கும் ஸ்காட்லாந்து விஸ்கிதான் அவருக்கு எல்லாவற்றுக்கும் மேல். அதிலும் மான் படம் ஒட்டிய ஒன்று. பிராந்தி காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு என்பார். ரம் கப்பல்காரனுக்கு. ஜின்னைக் குடிப்பதற்குப் பதில் யூடிகொலோனைக் குடிக்கலாம். சம்சுவைப் பற்றிக் கேட்டால், "சைக்கிள் செயின் கழுவலாம்," என்பார்.

மனைவி பாக்கியலட்சுமி மலாக்காவின் காஜா பெராங் பகுதிச் செட்டிக் குடும்பத்துப் பெண். இந்தச் செட்டிகள் நகரத்தார் இல்லை, பல தலைமுறைக்கு முன்பே வந்து, அந்த மண்ணுப் பெண்களைக் கட்டித் தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வழிவந்தவர்கள். அவர்கள் பெயரில் தமிழும் கோயிலில் தமிழும் இருக்கும். வாயில் மலாய்தான், இடையிடையே சில தமிழ்ச் சொற்கள். கருணாகரன் அந்த வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனார். நான் பக்கத்து வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர்கள் மலாயில் பேசியதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

போகியன்று செட்டி வீடுகளில் பார்ச்சு உண்டு. செத்துப்போன பெரியவர்களுக்கு வாழை இலை போட்டு, யாருக்கு எது பிடிக்குமோ அதைப் படைப்பார்கள். சோறு, கறி, பலகாரம், சுருட்டு, சாராயம் எதுவானாலும் சரி. படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். வந்தவர்கள் சாப்பிட வேண்டும், பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

பாக்கியலட்சுமியின் அப்பா கலியாணசுந்தரம் பிள்ளை சண்டைக்கு முன்பே இறந்தவர். மருமகன் கிளப்பிலிருந்து கொண்டுவரும் மான் விஸ்கிதான் அவருக்கும் பிடித்தது. மாமனாரும் மருமகனும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று பாக்கியலட்சுமி சொல்வாள். வெள்ளைக்காரர்கள் ஓடும்போது கிளப்புச் சரக்கையெல்லாம் உடைக்கச் சொன்னார்கள். கருணாகரன் உடைத்தார், ஒரு மான் பாட்டிலைத் தவிர. அது அடுத்த போகிக்குப் படையலில் வந்தது. படைத்த பிறகு வீட்டு ஆண்கள் ஆளுக்குக் கொஞ்சம் குடித்ததில் பாட்டில் குறைந்தது.

அதற்கு அடுத்த போகி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு. ஊரே மரவள்ளிக் கிழங்கு தின்ற வருடம். பாக்கியலட்சுமி மாதக்கணக்கில் பிடிபிடியாகச் சேர்த்த அரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்திருந்தாள். ஒரு கோழியும் அடித்திருந்தாள். ஆனால் குறைந்த பாட்டிலைப் படைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டு வழக்கப்படி எச்சில் பாட்டில் பெரியவர்களுக்கு அவமானம், கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும். தம்பி தியாகுவிடம் பாட்டிலைக் கொடுத்து, "எதையாவது ஊத்தி ரொப்பிக் கொண்டா, மச்சானுக்குத் தெரிய வேணாம்," என்றாள். தியாகு செமாபோக்கில் ஒரு கொட்டகையில் விற்ற சம்சுவை வாங்கி நிரப்பினான். தேயிலைத் தண்ணீரை விட்டு நிறத்தைச் சரிசெய்தான். படையலுக்குத்தானே, செத்தவருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருப்பான்.

பொழுது சாயும் நேரம் கதவைச் சாத்திவிட்டு அவர்கள் மூவரும் வாசலில் நின்றார்கள். நான் வேலியோரம் நின்றேன். மறுநாள் காலை லாரி வரும், கிளேபாங்குக்குப் புதுப் பாட்டில்கள் வந்திருக்கின்றன என்று சொல்ல அந்தச் சார்ஜன்ட் சைக்கிளில் வந்தான். ஒரு குடும்பமே தன் வீட்டுச் சாத்திய கதவுக்கு வெளியே பேசாமல் நிற்பதைப் பார்த்தான். உள்ளே யாரையோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினான்.

"யாரு உள்ள?"

"எங்க அப்பா," என்றாள் பாக்கியலட்சுமி.

"கூப்பிடு."

"அவர் செத்துட்டாரு."

சார்ஜன்ட் அவளை அறைந்தான். அவள் தூணில் மோதி உட்கார்ந்தாள். தியாகு ஓர் அடி முன்னால் வைத்தான். துப்பாக்கிக் கட்டை அவன் வயிற்றில் இறங்கியது. சார்ஜன்ட் கதவை உதைத்துத் திறந்தான். உள்ளே ஆள் இல்லை. விளக்கு, இலை, சோறு, கோழி, நடுவில் மான் பாட்டில். அவன் சிரித்தான். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சாப்பாட்டை அவனும் பார்த்திருக்க மாட்டான். பூட்ஸோடு பாயில் ஏறி, கோழித் தொடையைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டு, பின்னாலேயே உள்ளே வந்த கருணாகரனிடம் பாட்டிலை நீட்டினான்.

"மினும்." குடி என்று அர்த்தம்.

கருணாகரன் கார்க்கை எடுத்து முகர்ந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் அவர் நினைத்ததைப் பின்னால் எனக்குச் சொன்னார். விஷம் என்று சொன்னால், ஜப்பான்காரனுக்கு வைத்த விஷம் என்றாகும். தியாகுவும் பாக்கியலட்சுமியும் அந்தக் கடைக்காரர் மாதிரி வாசலிலேயே கிடப்பார்கள். சொல்லாமல் விட்டு இவன் குடித்துச் செத்தால், தெருவே கிடக்கும்.

"காத்து புகுந்திருச்சு. ருசி போச்சு," என்றார்.

"அதிகாரிக்கு வேணாம். எனக்குப் போதும்." சார்ஜன்ட் கையை நீட்டினான்.

கருணாகரன் பாட்டிலை வாயில் வைத்தார். ருசி பார்க்கிற மாதிரி வைக்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, குடிகாரன் மாதிரி மடக்மடக்கென்று உள்ளே இறக்கினார். சார்ஜன்ட் முதலில் வேடிக்கை பார்த்தான். பிறகு கத்தினான். பாட்டிலைப் பிடித்து இழுத்தான், அவர் விடவில்லை. துப்பாக்கிக் கட்டையால் விரல்களின்மேல் அடித்தான். விரல் முறிந்த சத்தம் எனக்கு வேலியோரம் கேட்டது. பாட்டில் பாயில் விழுந்து, மிச்சமெல்லாம் பலகை இடுக்கில் இறங்கிப் போனது.

அப்புறம் அவரை அடித்தான். முகத்தில் ஓர் அடி, இடது கண்ணுக்குக் கீழே பிளந்தது. கீழே விழுந்ததும் விலாவில் உதைத்தான், வயிற்றில் உதைத்தான். வயிற்று உதையில் கருணாகரன் வாந்தியெடுத்தார். அது பூட்ஸில் பட்டதால் இன்னும் உதைத்தான், அவர் இன்னும் எடுத்தார். கடைசியில் மிச்சக் கோழியை இலையோடு சுருட்டிக்கொண்டான்.

"காலையில லாரி. வரலன்னா தலை," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான்.

அந்த உதைதான் கருணாகரனைக் காப்பாற்றியது என்று தெருவில் சொன்னார்கள். அடித்தவனுக்கு அந்தப் பெருமையை நான் கொடுக்கமாட்டேன். ஆனால் வாந்தி உதவியது உண்மை. நான் உள்ளே போனபோது தியாகு வயிற்றைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான்.

"என்னடா ஊத்தினே?" என்று கேட்டேன்.

"செமாபோக் சம்சுக்கா. எங்கக்காதான் ரொப்பச் சொல்லுச்சு."

பாக்கியலட்சுமி எழுந்துவந்து தம்பியை அறைந்தாள். பிறகு தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து நிறுத்தி, வெந்நீர் வைக்கச் சொன்னேன். செமாபோக் சரக்கைக் குடித்தவர்களை ஆஸ்பத்திரி வார்டில் நான் துடைத்திருக்கிறேன். சிலர் கண்ணைத் திறந்து, விளக்கை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்பார்கள்.

உப்புக் கரைத்த வெந்நீரைக் கொடுத்து, தொண்டையில் விரல் விட்டு, தெளிந்த தண்ணீராக வரும்வரை எடுக்க வைத்தேன். பிறகு ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் அதைத்தான் கொடுப்போம், வேறு மருந்து இல்லை. முறிந்த விரல்களை மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினேன்.

"மச்சான், மன்னிச்சிருங்க," என்றான் தியாகு.

"உங்கப்பா குடிச்சிருந்தா எந்திரிச்சு வந்து உன்ன அடிச்சிருப்பாருடா," என்றார் கருணாகரன். சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டார். "மான் விஸ்கிக்குள்ள சம்சு. உனக்கு மனசு எப்படிடா வந்துச்சு."

"பேசாம படுங்கண்ணே," என்றேன்.

"தங்கச்சி, கண்ணு போயிருமா?"

"காலையிலதான் தெரியும்."

"போயிருச்சுன்னா?"

அவருக்கே தெரியும். எந்தச் சரக்கு கண்ணைப் பறிக்கும் என்று மலாக்காவில் எல்லோருக்கும் தெரியும், அந்தச் சார்ஜன்டுக்கும் தெரியும். காலையில் கருணாகரன் குருடராக லாரியில் ஏறினால், பாட்டிலில் என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஏறாவிட்டால் தேடி வருவார்கள். தியாகு ஓடிப்போகிறேன் என்றான். ஓடினால் அக்காவைப் பிடிப்பார்கள் என்று சொல்லி உட்காரவைத்தேன்.

காலையில் சன்னலைத் திறந்து அவர் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினேன்.

"எத்தனை விரல்?"

"பனி கொட்டுற மாதிரி இருக்கு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வலது கண்ணில் விரல்களின் விளிம்பு தெரிகிறது என்றார். இடது கண்ணில் எதுவும் இல்லை. அடிபட்டுப் பிளந்ததும் இடது பக்கம்தான். அதன்மேல் பெரிதாகப் பஞ்சு வைத்து, பாதி முகத்தை மறைத்துக் கட்டினேன். அந்தக் கண்ணைப் பூட்ஸும் துப்பாக்கிக் கட்டையும் எடுத்ததாக இருக்கட்டும் என்றேன். பாக்கியலட்சுமியின் பழைய சாரோங்கைக் கிழித்து, அவரை நிற்கவைத்து விலாவைச் சுற்றி இறுக்கினேன். மேலே சட்டையைப் போட்டு அவள் பொத்தான் மாட்டினாள். வாசற்படியிலிருந்து ரோடுவரை எத்தனை எட்டு, எங்கே கல், எங்கே சாக்கடைப் பலகை என்று தியாகு அவரைக் கையைப் பிடித்து நடத்திக் காட்டினான். பிறகு அவனை என் வீட்டுக்குள் அனுப்பினேன்.

லாரி வந்தது. கருணாகரன் தனியாக நடந்தார். அடிபட்டவன் மெதுவாக நடப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சார்ஜன்ட் முகத்தில் போட்ட கட்டைப் பார்த்து, "கண்ணுக்கு என்ன?" என்றான்.

"நீங்க அடிச்சது, துவான்," என்றார், மலாயில் ஐயா என்று மரியாதை வைத்து.

சார்ஜன்ட் முன்னால் உட்கார்ந்தவனிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒரு பாட்டிலை எடுத்து, கருணாகரனின் முகத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். "இது என்ன?"

லேபிள் அவருக்குத் தெரிந்திருக்காது. பாக்கியலட்சுமி என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. கருணாகரன் கட்டுப்போட்ட கையால் பாட்டிலை அணைத்து, பல்லால் கார்க்கைக் கடித்து இழுத்து முகர்ந்தார்.

"பிராந்தி," என்றார். "நல்ல பிராந்தி."

சார்ஜன்ட் பின்பலகையைக் காலால் தட்டி இறக்கினான். கருணாகரன் நல்ல கையை ஊன்றி, ஒரு முழங்காலை மேலே வைத்து, அடுத்ததை இழுத்து ஏறினார். லாரி கிளேபாங் பக்கம் போனது. நான் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டி, கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன்.