கச்சான் காற்றின் மேல் போட்ட பழி

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் பழி அதற்குத்தான். நானும் அதைத்தான் செய்தேன்.

அன்று மனைவி றிஸ்மியாவோடு நிந்தவூரிலிருந்து கல்முனைக்குக் காரில் போனேன். கார் வலப்பக்கமாகவே இழுத்தது. இடப்பக்க வயல்வெளியிலிருந்து கச்சான் அடித்துக்கொண்டிருந்ததால், "காத்துத் தள்ளுது" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஓட்டினேன்.

மாலையில் திரும்பும்போதும் அதே இழுவை. காரைதீவு தாண்டியதும் எதிரே ஒரு பஸ். கார் அதை நோக்கியே போனது. ஹோர்ன் அலற, எப்படியோ ஒடித்துத் தப்பினேன்.

"யா அல்லாஹ்! போகக்குள்ள காத்து இடப்பக்கத்தால அடிச்ச. இப்ப வலப்பக்கத்தால அடிக்குது. அப்ப கார் மறுபக்கமெல்லோ போகணும்?" என்றாள் றிஸ்மியா.

ஓரமாக நிறுத்தி இறங்கினேன். முன் வலது சில்லு அனலாய்க் கொதித்தது. கருகிய நாற்றம் வேறு. கராஜ்காரர் வந்து கழற்றிப் பார்த்தார்.

"பிரேக் விடாமப் பிடிச்சபடியே கிடக்கு காக்கா. கடக்கரை வீடெல்லோ, உப்புக்காத்துல துரு ஏறிட்டு" என்றார்.

இப்போதும் கார் கொஞ்சம் விலகினாலும் உடனே நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டக் கைவைத்துச் சூடு பார்க்கிறேன். வீட்டில் நான் எதற்குக் காரணம் சொன்னாலும் றிஸ்மியா சிரிக்காமல் சொல்கிறாள்:

"திரும்பி வரக்குள்ள பாப்பம்."