அப்பா கூட்டிய விலை

வேலையில் சேர்ந்த முதல் வாரம், காப்பி இடைவேளையில், பக்கத்து மேசைக்காரரிடம் அவர் புதிதாக வாங்கிய வீடு என்ன விலை என்று கேட்டுவிட்டேன். அவருடைய கழுத்து சிவந்தது. "வெளிச்சமான வீடு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். எங்கள் வேலையே வீடுகளுக்கு விலை கணிப்பதுதான். இருந்தும் சுவிஸில் ஒருவரிடம் அவர் வீட்டின் விலையைக் கேட்பது, அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பது போன்றது. யாழ்ப்பாணத்தில் புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி அது.

நான் பதினொரு வயதில் அம்மாவோடு இங்கே வந்தேன். அப்பா எங்களுக்கு முன்பே அகதியாக வந்து, பாடன் நகரில் ஒரு தொழிற்சாலை உணவகத்தில் சமையல் உதவியாளராக இருந்தார். இப்போது நான் எழுதும் கணினி நிரல், அண்மையில் விற்ற வீடுகளின் விலைகளை எடுத்துக்கொண்டு, விற்காத ஒரு வீட்டுக்கு இன்றைய விலையைச் சொல்லும். அதற்குத் தேவையானவை: நிலத்தின் அளவு, கட்டிய ஆண்டு, ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை, மாலை வெயில் விழுமா, நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்குமா. கடைசியாக, வீட்டின் ஒவ்வொரு பகுதியின் நிலைமைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. ஊரில் என்றால் வேறு பட்டியல்: கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவரா, வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் லொறி போகுமா. அங்குள்ள எங்கள் வீட்டுக்கு என் நிரலால் ஒன்றுமே சொல்ல முடியாது. அது தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டு வந்த வீடு, ஒருமுறைகூட விற்கப்பட்டதில்லை.

பாடனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் திருமதி மெய்லி, இங்கத்தைய வழக்கில் ஃப்ராவ் மெய்லி, அடுத்த தெருவில் தனியாக வசித்தார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சென்ற இலையுதிர் காலத்தில் ஒருநாள் வாசலில் நின்றபடியே சொன்னார்: "நான் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். மகனுக்கு வீடு வேண்டாமாம். விற்கத்தான் வேண்டும். முதலில் உங்களிடம் கேட்கிறேன். சரியான விலை என்ன என்று நீயே கணக்குப் பார்த்துச் சொல்."

வாங்கப் போவதே நாங்கள்தான், வேறு ஒருவரிடம் கேளுங்கள் என்றேன்.

"அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். பிழையான விலை சொன்னால் உனக்குத்தான் நித்திரை வராது."

வங்கி எங்களுக்குக் கடன் தரக்கூடிய தொகைக்கு ஓர் எல்லை இருந்தது. விலை அதைத் தாண்டினால் வீடு இன்னொருவருக்குப் போகும். வாங்குகிறவர் தானே குடிவர விரும்பினால் எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடலாம்.

அந்தச் சனிக்கிழமை புள்ளி போடும் படிவத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். அப்பா பின்னாலேயே வந்தார்.

"பாத்ரூமுக்கு எத்தினை போட்டனி?"

"நாலு."

"நாலோ? அந்தத் தரைக்கல்லு ஒவ்வொண்டும் நான் முழங்காலில இருந்து பதிச்சது. அஞ்சு போடு பிள்ளை."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இஞ்சருங்கோ, வாயை மூடிக்கொண்டு போங்கோ. புள்ளி கூடினால் விலையும் கூடுமெல்லே!"

அப்பா அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செய்தவை வரிசையாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும்: குளியலறை, சமையலறை அலுமாரிகள், அவர் கெல்லர் என்று சொல்லும் நிலவறையின் சுவர், தோட்டம்.

"அப்ப, இந்த வீட்டை எங்களுக்கு எட்டாமல் ஆக்கினது நான்தான் எண்டு சொல்லு." பிறகு சிரிக்கப் பார்த்தார். "கெல்லர் சுவரில சுத்தியலால ரெண்டு அடி போடட்டோ?"

"உங்களுக்குக் கை வராது," என்றாள் அம்மா.

நாலை மூன்றாக மாற்றினால் யாருக்கும் தெரியாது. பேனாவைக் கிட்டக் கொண்டுபோனேன். நாலை நாலாகவே விட்டேன். நிரல் சொன்ன விலை வங்கியின் எல்லையைத் தாண்டியிருந்தது.

மூவருமாக அந்தப் படிவத்தை ஃப்ராவ் மெய்லியிடம் கொண்டுபோனோம். அம்மா ஒரு பெட்டி நிறைய வடை எடுத்து வந்தாள். ஃப்ராவ் மெய்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். "குளியலறை, நாலு. இதை யார் செய்தது?"

அப்பாவின் முகம் வெளிறியது. வாடகை வீட்டில் எதையும் மாற்றுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அப்பாவிடம் கடிதம் எதுவும் இல்லை. "ஹெர் மெய்லி சரி சொன்னார்," என்று இறந்துபோன கணவரைக் குறித்துத் தன் ஜெர்மனில் மூன்று தரம் சொன்னார். ஃப்ராவ் மெய்லி எழுந்து உள்ளே போனார்.

"உவ இப்ப வக்கீலுக்கோ ஃபோன் அடிக்கிறா?" என்று அம்மா என் காதருகே கேட்டாள்.

அவர் ஒரு கோப்போடு திரும்பி வந்தார். இங்கே குடிபுகும்போது உரிமையாளரும் வாடகைக்காரரும் சேர்ந்து நடந்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு குறையையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். நாங்கள் குடிவந்தபோது எழுதிய தாள் அது. கணவரின் கையெழுத்தில் இருந்தது: குளியலறை, பூஞ்சணம். சமையலறை, இரண்டு அலுமாரிக் கதவுகள் கழன்றவை. நிலவறை, ஈரம். தோட்டம், முட்செடி.

"நான் உங்களுக்குத் தந்தது இந்த வீட்டைத்தான்," என்று தாளைத் தட்டிக் காட்டினார். "இன்றைய சந்தையில் இதற்கு என்ன விலை என்று பார். மிச்சம் என்னுடையதல்ல. என்னுடையதல்லாததை நான் எப்படி விற்பது?"

நான் தமிழில் சொன்னேன். அப்பா "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்; பிறகு எழுந்து யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். அம்மா ஃப்ராவ் மெய்லியின் தட்டில் இரண்டாவது வடையை வைத்தாள், அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும்.

பழைய தாளின்படி நிரலை மறுபடி ஓட்டினேன். விலை எல்லைக்குள் வந்தது, மயிரிழையில். இரண்டு விலைகளையும் எழுதிக் கொடுத்தேன். அவர் குறைந்ததன் கீழே கையெழுத்திட்டார். சுவர்க் கீறலைக்கூட எழுதிவைக்கும் இந்த நாட்டுப் பழக்கத்தை நான் எத்தனையோ தடவை நக்கலடித்திருக்கிறேன். இனி அதைச் செய்ய மாட்டேன்.

விற்பனையைப் பதிவுசெய்யும் நொத்தாரிசு ஒப்பந்தம் முழுவதையும் உரக்க வாசித்தார். இந்த நாட்டுக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பத்திரத்தில் ஒரு சொந்த ஊர் உண்டு. பிரஜாவுரிமை எடுத்த நாளிலிருந்து எனக்கு அது பாடன். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் இலங்கைக் குடிமகன் என்று மட்டும் வந்தது.

"எனக்கேன் ஊர்ப் பேரைக் காணேல்லை?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"வெளிநாட்டுக்காரருக்கு நாட்டின்ர பேர் மட்டும்தான் அப்பா."

அவர் தமிழில் கையெழுத்திட்டார். நான் ஜெர்மன் எழுத்தில் இட்டேன்.

சில மாதங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டின் விற்பனை அலுவலகத் தரவுக்குள் வந்தது. சுற்றியுள்ள விலைகளோடு ஒத்துப்போகவில்லை என்று நிரல் எச்சரித்தது. இந்த விலையைச் சேர்த்தால் அயலவர்களின் வீடுகளைக் குறைத்து மதிப்பிட நேரும். ஆகவே நானே விலக்கினேன். பட்டியலில் விலக்கிய வரி அழியாது, சாம்பல் நிறமாகிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்த ஒருநாள் அப்பாவுக்கு அதைத் திரையில் காட்டினேன்.

"எல்லாம் கறுப்பாக் கிடக்கு, எங்கட மட்டும் ஏன் மங்கலாக் கிடக்கு?"

"மற்ற வீடுகளோட பொருந்தேல்லை அப்பா. அதால கணக்கில சேர்க்கேல்லை."

அப்பா குனிந்து எங்கள் தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பரவாயில்லை," என்றார். "லிஸ்ட்டில கிடக்கட்டும்."