மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிய டீச்சர்

கரண்ட் போய், கடையில் யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது. நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் டீச்சரின் கணவர் சேவியர் சாரின் போன் வந்தது. "டீச்சர் போயிட்டாங்க சிக்கந்தர். காலையில" என்றார். இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. யு.பி.எஸ்.ஸை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

லூர்து மேரி டீச்சரிடம் அரியலூரில் கணக்குப் படித்தவர்களுக்கும், வரதராஜன்பேட்டை மாதா கோயிலில் அவரோடு பாடியவர்களுக்கும் நான் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டுக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். அவர் இருந்தவரை அதை வெளியே சொல்ல விடவில்லை. இப்போது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பாடகர் குழுவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும், அவள் கோயிலுக்குள் நடந்து வரும்போது டீச்சர்தான் பாடுவார். அவரே கட்டிய பாட்டு அது. எத்தனையோ பெண்களுக்குப் பாடியவருக்கு, சொந்த மகள் ஷீலாவின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொண்டையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் முடிந்தால் குரல் திரும்பாது என்று திருச்சி டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். டீச்சர் நேராகப் பெரம்பலூருக்கு பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். "என் புள்ள நடந்து வரப்ப என் குரல் கேக்கணும் தம்பி. அதுக்கு வழி பண்ணுங்க" என்றார்.

நான் துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை வைத்து, கடையின் பின்னறையில் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பியானோ வாங்க எனக்கு வசதியில்லை. பிளகின் என்று ஒன்று உண்டு. அதைக் கம்ப்யூட்டருக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் சின்னக் கீபோர்டை வாசித்தால் பியானோ கேட்கும். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைப்பதாக இரண்டு பியானோக்களை இறக்கி வைத்திருந்தேன். பெரியது திரை முழுக்கக் கறுப்புப் பியானோவின் படத்தோடு பளபளவென்று இருக்கும். சின்னதற்குப் படமே கிடையாது, நாலு பட்டன்தான்.

டீச்சர் எழுந்து மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "இப்ப வாசிங்க. கண்ணு தீர்ப்புச் சொல்லக் கூடாது" என்றார். இரண்டையும் வாசித்தேன். சின்னதே போதும் என்றார். பெரியதுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். டீச்சரின் பாட்டுக்குக் கம்மியான பியானோவா என்று எனக்கு ரோஷம். அவர் விடவில்லை. "இலவசம்னா என்னைக்குமே இலவசமா, இல்ல கொஞ்ச நாளைக்கா? அதோட நிபந்தனை போட்டு ஒரு எழுத்து ஃபைல் வருமே, படிச்சுப் பாருங்க" என்றார். கணக்கு டீச்சர் அல்லவா. படித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

பரிசோதனை அது இது என்று அலைந்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர இரண்டு நாள் இருக்கும்போதுதான் அவரால் மறுபடி வர முடிந்தது. பெரிய பியானோ திறக்கவே மறுத்தது. பதினைந்து நாள் கெடு முடிந்துவிட்டதாம். எனக்குத் தலைக்கு மேல் கோபம். வேறு வழியில்லாமல் சின்னப் பியானோவை வைத்து, மைக் பார்ப்பதற்காக ஒரு தடவை பாட வைத்தேன். மூன்றாவது வரியில் இருமினார். "பரவால்ல, நாளைக்கு நல்லாப் பாடிடுவோம்" என்று கிளம்பினார்.

மறுநாள் காலையில் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். கம்ப்யூட்டரின் தேதியைப் பத்து நாள் பின்னுக்குத் தள்ளினேன். ஏமாந்துபோய்ப் பெரிய பியானோ திறந்துகொண்டது. டீச்சர் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் பாடினார். நான் அப்படி ஒரு பாட்டை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு திருச்சி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அன்று பிற்பகல் ஒருவர் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்து அவசரமாக ஏற்றச் சொன்னார். டிஸ்கில் இடமில்லை. ஃபைலுக்குப் பெயர் வைக்கும் பழக்கமும் எனக்கில்லை, எல்லாம் வெறும் எண்கள். தேதி பார்த்து டீச்சரின் கடைசி ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு, பழையதையெல்லாம் அடியோடு அழித்துவிட்டு வீடியோவை ஏற்றினேன். தேதியைப் பின்னுக்குத் தள்ளியவனும் நான், அதை மறந்தவனும் நான். மூன்று நாள் கழித்துத் திறந்து கேட்டால் மூன்றாவது வரியில் இருமல். பத்து நாள் பழைய தேதி விழுந்திருந்த நல்ல பாட்டைத்தான் அழித்திருக்கிறேன். அதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தில் கட்டோடு படுத்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். சேவியர் சார் என்னை வெளியே போகச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் டீச்சர் அவரிடம் நோட்டை வாங்கி எழுதினார்: "அன்னைக்கே படிச்சுப் பாருங்கன்னு சொன்னேன்." அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். பேனா தாளைக் கிழித்துவிட்டது. எனக்கு ஏச்சு வாங்குவது பழக்கம்தான், ஆனால் சத்தமில்லாத ஏச்சை அன்றுதான் முதல்முதலாக வாங்கினேன். பிறகு பக்கத்தைத் திருப்பி எழுதினார்: "இருமல் பாட்டு இருக்கில்ல? அதுக்கு அக்கார்டியன் போடணும்."

கோயிலில் பாடும்போது அவர் தோளில் மாட்டி வாசிக்கும் அக்கார்டியனின் துருத்தியை எலி கடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, கம்ப்யூட்டரை மடியில் வைத்து பஸ்ஸில் அரியலூருக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை நான்கு இலவச அக்கார்டியன்கள். நான்கின் எழுத்து ஃபைலையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருந்தேன். கேட்காமலே மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். டீச்சரின் முகத்தில் லேசாகச் சிரிப்பு.

முதலாவதைக் கேட்டதும் முகம் சுளித்தார். லாரி ஹாரன் மாதிரிதான் இருந்தது. இரண்டாவதற்குக் கையை ஆட்டினார். மூன்றாவது இனிமையாக இருந்தது, எனக்கு அதுதான் என்று பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான்காவது ரொம்பச் சின்னது. துருத்தி இழுத்துத் திரும்பும் இடத்தில் ஒரு புஸ் சத்தம் வரும். குறை என்று நினைத்து அதைக் கடைசியில் வைத்திருந்தேன். டீச்சர் விரலை உயர்த்தினார். நோட்டில், "இது மூச்சு விடுது" என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு சேவியர் சார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மூன்றாவது வரியில் இருமலுக்கு மேலே அந்தத் துருத்தி மூச்சை வைத்தோம். கல்யாணத்தன்று ஷீலா வாசலில் நிற்க, நான் பிளேயரின் பட்டனை அழுத்தினேன். மூன்றாவது வரி வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. வந்தது, போனது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன் பெஞ்சில் கழுத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்த டீச்சரின் உதடு மட்டும் பாட்டோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. ஷீலா பாதி வழியில் நின்று அம்மாவைப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

எதையும் முழுக்கப் படிக்காமல் தொடுவதில்லை என்ற பழக்கம் அவரால் வந்தது. ஃபைலுக்குப் பெயர் வைக்கிறேன். ஆனால் நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது அதுவல்ல. அந்த இருமல் பாட்டின் கடைசியில் கொஞ்சம் வெட்டி எடுத்திருந்தேன், கல்யாணத்தில் போட முடியாத பகுதி. சேவியர் சாரிடம் பேசிய பிறகு, கரண்ட் வந்ததும் அதைத்தான் போட்டுக் கேட்டேன். பெரிய பியானோ திறக்காத கோபத்தில் நான் "சனியன் புடிச்ச பொட்டி" என்று கத்துகிறேன். மைக் ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியவில்லை. அதற்கு டீச்சர் சொல்கிறார்:

"கோபப்படாதீங்க தம்பி. பாட்டு எங்க போயிடப் போவுது? நாளைக்கு வந்து இன்னொரு தடவை பாடுறேன்."