பூதம் தொடாத டப்பா

நேற்று சாயங்காலம் எங்கள் சமையலறையில் அப்படி ஒரு வாடை. பச்சைச் சாயம் ஊற்றி வேகவைத்த சேமியா, அதன்மேல் தக்காளி சாஸ், கண்முழி போலிருக்க உரித்துவைத்த லிச்சிப் பழம். பேரனின் நர்சரியில் சனிக்கிழமை ‘மான்ஸ்டர் பாட்லக்’காம். பிள்ளைகள் வீட்டுக்கொரு பூதச் சாப்பாடு கொண்டுபோய் எல்லாரும் பகிர்ந்து தின்பார்களாம். மகள் “ருசி பாருங்கப்பா” என்று கரண்டியை நீட்டினாள். பழத்திலிருந்து சாறு வழவழவென்று நூலாக வழிந்து சேமியாவில் இறங்கியது. நான் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். அவளுக்குக் கோபம். ஏன் ஓடினேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் தொண்டை கோழைத் தொண்டை. வழவழப்பாக எது வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்ளும். வெந்து கூழான வெண்டைக்காய், அரைவேக்காட்டு முட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாலாடை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேன்டீன் டீயில் ஆடை மிதந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் எடுத்து அருகிலிருந்த தூணில் தடவிவிடுவேன். நாளடைவில் அந்தத் தூணுக்கே என் பெயரை வைத்துவிட்டார்கள்.

அப்போது வாலாஜாவிலிருந்து வந்து இரண்டாம் வருஷம். கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில் வாடகைக்கு ஓர் அறை. சுரங்கம் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது, ஆனாலும் ஷிப்ட் சங்கு நேரம் தவறாமல் ஊதும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் கடைசி பெஞ்சுதான் எனக்கு. அங்கேயும் என் உயரம் மறையாது. சண்டே ஸ்கூல் நடத்திய ஸ்டெல்லா டீச்சர் அந்த உயரத்தை எப்போதிலிருந்து கணக்குப் போட்டுவைத்திருந்தாரோ, ஒருநாள் ஆராதனை முடிந்ததும் வழிமறித்தார். ஏதோ பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தாராம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பூத விருந்து. பூதத்துக்கு என்ன பிடிக்குமோ அதைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள், பூதம் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டும், பிறகு எல்லாரும் சாப்பிடுவார்கள். பூதம் நான். மாட்டேன் என்று சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இன்றுவரை கிடையாது.

முகமூடியை டீச்சரே செய்திருந்தார். பழைய பேப்பரை மைதாப் பசையில் ஊறவைத்து, பானைமேல் ஒட்டிக் காயவைத்தது. பசை புளிக்காமலிருக்க மயில்துத்தம் போட மறந்துவிட்டார். வெளியே பார்க்கப் பச்சைப்பூதம், கோரப்பல், ஜோராக இருந்தது. உள்ளே புளித்த மாவு. தலையை நுழைத்தால் நாலு நாள் மூடிவைத்த இட்லிப் பானைக்குள் நுழைந்த மாதிரி. பச்சைப் பெட்ஷீட்டைப் போர்த்தி, பின்னால் கோணிப்பையில் ஒரு வாலும் கட்டி, கோயிலுக்குப் பின்னாலிருந்த ஹாலில் என்னை உட்காரவைத்தார்கள்.

இருபது பிள்ளைகள் இருக்கும். வரிசையாக வந்து டப்பாவைத் திறந்தார்கள். பீட்ரூட் தயிர்சாதத்தில் திராட்சைக் கண்கள். வெங்காய நகம் ஒட்டிய ராகிக் களி விரல்கள். அதுவரை சமாளித்தேன். அடுத்து ஒரு பையன் ‘தவளை முட்டை’ என்று ஒரு டம்ளரை நீட்டினான். ரோஸ்மில்க்கில் ஊறிய சப்ஜா விதை. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கோழை. முகமூடியின் வாய் ஓட்டைவழியாக அதை ஊற்றிக்கொண்டபோது பாதி உள்ளே போனது, பாதி தாடையில் இறங்கிக் கழுத்துக்குள் ஊர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

அப்போதுதான் ஷீபா வந்தாள். ஐந்து வயது இருக்கும். அப்பா கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்ப்பவர். அம்மா எஸ்தர் அக்காவை எனக்குக் கோயிலில் பார்த்துத்தான் பழக்கம், அன்று ஹால் வாசலில் நின்றிருந்தார். மற்ற பிள்ளைகளின் டப்பாவில் எல்லாம் சாயம், வேஷம். ஷீபா யோசித்திருக்கிறாள். பூதம் என்ன குடிக்கும்? ரத்தம். தன் வீட்டில் எது ரொம்ப ருசி? அதுவும் அதுதான்.

“எங்கம்மா செஞ்சது. நெஜ ரத்தம்” என்று மூடியைத் திறந்தாள்.

வெங்காயமும் தேங்காயும் போட்டுக் கிளறிய ஆட்டு ரத்தப் பொரியல். கருஞ்சிவப்பாக, உதிரி உதிரியாக இருந்தது. சூடு ஆறவில்லை. எங்கள் வீட்டில் ஆடு, கோழி வரும். ரத்தமும் குடலும் வாசல்படி ஏறாது. அதெல்லாம் யார் சாப்பிடுவது என்று மட்டும் ஒரு தினுசாகக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஏன் தாழ்த்துகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அந்த இரும்பு வாசனை முகமூடிக்குள் ஏறி, புளித்த மாவோடும் ரோஸ்மில்க்கோடும் கலந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதோடு விட்டேனா, கையால் டப்பாவைத் தள்ளி, எடுத்துப் போ என்று சைகையும் காட்டினேன். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே ஓடி, முகமூடியைக் கழற்ற நேரமில்லாமல் அதற்குள்ளேயே வாந்தி எடுத்தேன். அந்த நாற்றத்தை வர்ணிக்காமல் விடுகிறேன், நீங்கள் சாப்பிட உட்காரப்போகிறவராக இருக்கலாம்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது ஷீபா டப்பாவை மூடி அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. “பூதங்கூட நம்ம சாப்பாட்ட துன்னலம்மா” என்றாள். எஸ்தர் அக்கா டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போனார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறுவிதமான குமட்டல். சப்ஜா விதையைக் குடித்து முடித்தேனே, அது மட்டும் எப்படி இறங்கியது? வயிறு ஒத்துக்கொள்ளாதது ஒரு பக்கம். அந்தக் கைச்சைகை வயிற்றிலிருந்து வந்ததல்ல. சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் அந்தக் கை என் கண்ணில் பட்டது. அருவருப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டியிருந்த லைனில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தகரக் கூரை, குனிந்து நுழையும் வாசல். நைட் ஷிப்ட் முடித்த ஷீபாவின் அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பூதம் நான்தான் என்று ஆரம்பித்தேன். ஷீபா என் காலைப் பார்த்து, “தெரியும், அதே செருப்பு” என்றாள். அன்றைக்குச் சாப்பிடாததை இன்றைக்குச் சாப்பிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். ரத்தம் வேண்டுமென்றால் விடிந்ததும் கறிக்கடைக்குச் சொம்பு எடுத்துப் போகவேண்டும், நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது, வேண்டுமானால் வருகிற வாரம் வாருங்கள் என்றார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

போனேன். தட்டில் சோறும் பொரியலும் வைத்தார். ஷீபா எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து என் தொண்டையையே பார்த்தாள். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது வாய் நாக்கில் மணல்போல உதிர்ந்து நின்றது, தண்ணீர் குடித்துத் தள்ளினேன். மூன்றாவது வாய்க்கு நெற்றியில் வியர்வை. ஆனாலும் தலையை ஆட்டி, நன்றாக இருக்கிறது என்றேன்.

எஸ்தர் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

“இன்னாத்துக்கு பொய் சொல்றீங்க? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. மூஞ்சிய திருப்பிக்காதீங்க, அவ்ளோதான்.”

“புடிக்கலக்கா” என்றேன்.

ஷீபாவுக்கு ஏனோ சிரிப்பு தாங்கவில்லை. என் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு துணுக்கு விடாமல் வழித்துத் தின்றாள். எனக்கு அக்கா வேறு தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். ரத்தம் கடைசிவரை பிடிக்கவேயில்லை. அதை அவர்களும் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சுரங்கத்தை மூடிய பிறகு லைனில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. நான் அம்மாவைப் பார்க்க வாலாஜா போயிருந்த ஒரு வாரத்தில் அவர்களும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். எந்தப் பேட்டை என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை, கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. ஸ்டெல்லா டீச்சர் மகனோடு ஆஸ்திரேலியா போய் அங்கேயே காலமானார். ஹாலுக்குப் பூட்டு. கறிக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ்.

நான் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறேன். இன்று காலை நடக்கப்போனபோது அந்த லைன் பக்கம் திரும்பினேன். தகரத்தை, கதவை, சன்னல் கம்பியை எல்லாம் யார்யாரோ எடுத்துப்போயிருக்கிறார்கள். வரிசையாகக் குட்டைச் சுவர்கள், நடுவில் முள்செடி. எந்த வீடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லா வீட்டிலும் அடுப்பு இருந்த மூலை மட்டும் கறுப்பாக இருந்தது. எது அவர்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை.