கோல்கீப்பர் எந்த ஊர்

சனிக்கிழமை காலை சிவராசா கிணற்றடிக் கட்டில் இருந்து, தன் மைத்துனனின் கோல்கீப்பர் கையுறைகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது முழங்கால் மடங்காது. அந்தக் கால் ஈர நிலத்தில் நீட்டிக் கிடந்தது.

"என்ரை சட்டை ஒண்டை இப்பிடித் தேய்ச்சுத் தந்திருக்கிறீங்களோ, இத்தனை வருஷத்திலை?" குசினி வாசலில் நின்று பிரேமிளா கேட்டாள்.

"நீ ஒரு பெனால்டி மறிச்சுக் காட்டு. பிறகு தேய்க்கிறன்."

அவள் சிரித்தாள். ஆனால் உள்ளே போகவில்லை. "அவனை விளையாட விடுறது எனக்குப் பிடிக்கேல்லை. உங்களுக்காகத்தான் பேசாமல் இருக்கிறன்."

சிவராசா ஒரு காலத்தில் கிளிநொச்சியில் பேர் சொல்லக்கூடிய ஹாஃப்பேக். முழங்கால் போனது பளையில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்தில். ஊர் போனது தொண்ணூற்றாறு இடப்பெயர்வில். வவுனியாவுக்கு வந்து ஒரு மரக்காலையில் வேலைக்குச் சேர்ந்தார். பதினொரு வருஷமாகப் பலகை அளக்கிறார். பிள்ளைகள் இல்லை. நகரசபை மைதானத்தில் நடந்த ஆட்டங்களில் அவர் பார்க்காதது என்று பார்த்தால், காய்ச்சலில் கிடந்த ஒரு கிழமைதான்.

போன வருஷம் ஏ-9 பாதை மூடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் பிரேமிளாவின் தம்பி வினோதன், புலிகளின் பகுதியான உடையார்கட்டிலிருந்து, அம்மாவை அங்கே விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். வீட்டுக்கு ஒருவர் என்று அங்கே இயக்கம் பிள்ளைகளைக் கேட்டு வந்துகொண்டிருந்த நேரம். அவனை வெளியே எடுப்பதற்குப் பிரேமிளா ஆறு மாதம் அலைந்தாள். இங்கே வந்த பின்னும் பயம் தீரவில்லை. பயத்தின் பக்கம் மட்டும் மாறியது. ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அங்கால் இருந்து வந்த இளைஞன் என்றால் எதற்காக வந்தான், யார் அனுப்பியது என்றுதான் ராணுவத்தின் முதல் கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பியதில்லை. நல்ல காலத்துக்கு வினோதன் பிறந்தது இந்தப் பக்கத்துச் செட்டிகுளத்தில். அடையாள அட்டையில் அதுதான் இருந்தது. உடையார்கட்டில் அவன் வளர்ந்த வருஷங்கள் எந்தக் கடதாசியிலும் இல்லை. ஆர் கேட்டாலும் செட்டிகுளம். வீட்டில் மூன்று பேரும் இதைச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதைப்போல் பழகி வைத்திருந்தார்கள்.

வேலை முடிந்து வரும் வழியில் சிவராசா பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள இன்டர்நெட் கடையில் ஒரு மணித்தியாலம் இருப்பார். கால்பந்து பற்றிக் கதைக்கும் அரட்டை அறை ஒன்று இருந்தது. எல்லோரும் ஐரோப்பியக் கழகங்களுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் ராசு என்ற ஒருவர் மட்டும் வவுனியா ஆட்டங்களைப் பற்றிக் கேட்டார். தானும் வவுனியாதான் என்றார். சிவராசா எழுதியதை எல்லாம் வாசித்தார். பளை இறுதி ஆட்டத்தைப் பற்றி இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். மனைவியின் தம்பி ஒருவன், செட்டிகுளத்துப் பெடியன், கோல் மறிக்கிறான் என்று சிவராசா எழுதிய அன்று, "அப்ப சனிக்கிழமை சேர்ந்து பார்ப்பம் அண்ணை" என்று பதில் வந்தது.

மூன்றரைக்கு மைதான வாசலில் ராசு காத்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளைச் சேர்ட், வெயிலுக்குத் தொப்பி, இரண்டு கைபேசிகள்.

"அண்ணை, நீங்கள் நடக்கிற நடையிலையே கண்டுபிடிச்சிட்டன்."

சிவராசாவுக்கு அது பிடித்திருந்தது. கோர்னர் கொடிக்குப் பக்கத்தில், தான் வழக்கமாக இருக்கும் வாங்கில் அவரையும் இருத்தினார். கச்சான் கடலை விற்கும் மாயாண்டி தட்டோடு வந்துகொண்டிருந்தார். ஹட்டன் பக்கத்திலிருந்து எழுபத்தேழில் வந்து குடியேறிய குடும்பம். சிவராசாவைக் கண்டால் ஒரு சுருளை நீட்டி, கோல் எத்தனை என்று கேட்காமல் போகமாட்டார். அன்று ராசுவின் முகத்தைப் பார்த்தார். தட்டைத் தோள் மாற்றிக்கொண்டு நேரே போய்விட்டார்.

"மாயாண்டி, இஞ்சை!"

அவர் திரும்பவில்லை. கூட்டச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று சிவராசா நினைத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. பந்து மற்றப் பக்கத்துக் கோலடியில் நின்றபோதும் ராசு வினோதனையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டி முடிந்த பிறகு தட்டினார். ஒரு கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார்.

"தம்பிக்கு ஒண்டு அனுப்பலாம். எந்தெந்த நாள் பயிற்சி?"

"செவ்வாய், வியாழன். அஞ்சு மணிக்கு."

இடைவேளைக்குச் சற்று முன் எதிர்ப்பக்க ஆள் ஒருவன் தனியே பந்தோடு வந்தான். வினோதன் முன்னே ஓடி, பந்தின் மேல் முழு உடம்போடும் விழுந்து, விழுந்த கையோடு எழும்பி, நடுக்கோட்டைத் தாண்டி எறிந்தான். கூட்டம் எழுந்து நின்றது. சிவராசாவும் எழுந்தார்.

ராசு இருந்தபடியே சொன்னார். "சும்மா சொல்லாதேங்கோ அண்ணை. செட்டிகுளத்திலை கோல் மறிக்கத் தெரிஞ்சவன் எப்ப பிறந்தவன்? அங்கை மாட்டைத்தான் மறிப்பினம்."

"செட்டிகுளமோ?" சிவராசா பெருமையோடு சிரித்தார். "அது அட்டையிலை கிடக்கிற ஊர். இவன் உடையார்கட்டு மணலிலை விழுந்தெழும்பிப் பழகினவன். அந்த மண்ணிலை பழகினவனுக்கு இந்தக் கட்டாந்தரை ஒரு தரையே?"

"அப்பிடிச் சொல்லுங்கோ," என்றார் ராசு. "உடையார்கட்டு."

சொன்னதை அவர் திருப்பிச் சொன்ன விதத்தில்தான் சிவராசாவுக்கு உறைத்தது. வாங்கில் மெல்ல இருந்தார். ஏதாவது சேர்த்துச் சொல்லி அதை மூடவேண்டும் என்று தோன்றியது. "சின்னனிலை லீவுக்குப் போறவன், சொந்தக்காரர் வீட்டை" என்றார். ராசு தலையை ஆட்டினார். நம்பியவரைப்போலவும் இல்லை, நம்பாதவரைப்போலவும் இல்லை. சுற்றிவளைப்புகளில் முகத்தை மூடிக்கொண்டு வாகனத்துக்குள் இருந்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிகளைச் சிவராசா கண்டிருக்கிறார். அவர்களுக்காவது முகமூடி இருந்தது.

இடைவேளை முடியும் முன்னர், அவசர வேலை என்று ராசு எழுந்தார். "தம்பிக்கு நான் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ."

"நீங்கள் எங்கை வேலை செய்யிறீங்கள்? கேக்கவே இல்லை."

"பக்கத்திலைதான் அண்ணை."

மிச்ச ஆட்டத்தில் யார் கோல் அடித்தது என்று சிவராசாவுக்குத் தெரியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மாயாண்டி அங்கே நின்றார்.

"ஐயா, அந்தாளு ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"பழக்கம். ஏன்?"

"போன மாசமும் வந்தாரு. வேற ஒருத்தரு கூட, இதே மாதிரி சிரிச்சுப் பேசிக்கிட்டு. அன்னிக்கு ஃபுல்பேக் ஆடுன பையன அதுக்கப்புறம் காணோம்னு அவங்கம்மா கச்சேரி ஆபீசுக்கும் பொலிசுக்கும் அலையிறாங்க." தட்டிலிருந்த கச்சானைக் கையால் சமப்படுத்தினார். "நான் ஒண்ணும் சொல்லலைங்க."

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. வினோதன் தலை துடைத்துக்கொண்டு முன்னறைக் கதிரையில் இருந்தான். ஒன்றுக்கு இரண்டு, வெற்றி. பிரேமிளா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சிவராசாவின் கைபேசி அடித்தது. ராசுவின் குரல்.

"அண்ணை, வீட்டை போய்ச் சேந்தாச்சோ?"

"ஓம்."

"தம்பியும் வந்திட்டானோ?"

"ஓம்." வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. மறுமுனையில் தொடர்பு நின்றது.

"ஆர் அத்தான்?" என்றான் வினோதன். "உங்களுக்குப் பக்கத்திலை இருந்தவரோ? நான் கோலுக்குள்ளை நிண்டு பாத்தனான். அவர் ஒருக்காலும் பந்தைப் பாக்கேல்லை."

சிவராசா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "நாளைக்கு முதல் ரயிலிலை கொழும்புக்குப் போ. என்ரை ஒன்றுவிட்ட அக்கா அமராவதி வெள்ளவத்தையிலை இருக்கிறா. அவாவோடை கதைக்கிறன்."

"ஏன்?"

"இஞ்சை இனி நிக்க ஏலாது. உடையார்கட்டு எண்டு தெரிஞ்சிட்டுது."

வினோதன் துவாயை மடித்து மடியில் வைத்தான். அவன் குரல் உயரவில்லை.

"கொழும்பிலையும் பொலிஸ் பதிவு இருக்கு. இஞ்சையிருந்து ஒரு டெலிபோன் போனால் காணும், அமராவதி அக்காவையும் சேர்த்துக் கொண்டுபோவாங்கள். நான் திரும்ப உள்ளுக்கே போறன். பாதை மூடினாலும் திங்கக்கிழமையிலை ஓமந்தையாலை உள்ளுக்குப் போறவையை விடுவினம்."

"உள்ளுக்குப் போனால் உன்னை அவையள் விடுவினமோ?" என்றாள் பிரேமிளா.

"விடமாட்டினம்."

"பிறகு?"

"அங்கையெண்டால் அம்மாவுக்கு நான் எங்கை எண்டாவது தெரியும், அக்கா."

அவன் எழுந்து தன் பையை எடுக்கப் பின்னறைக்குப் போனான். அலுமாரிக் கதவு திறபடும் சத்தம் கேட்டது.

பிரேமிளா கணவனுக்கு எதிரே வந்து நின்றாள். அழவில்லை. ஆறு மாதம் அலைந்த கந்தோர்களின் வரிசைகளில் நின்றதைப்போலவே, பொறுமையாக நின்றாள்.

"எனக்கு ஒண்டை மட்டும் சொல்லுங்கோ," என்றாள். "அவர் கேட்டவரோ? இல்லாட்டில் நீங்களாச் சொன்னீங்களோ?"

சிவராசா தன் மடங்காத முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவாக வந்தது. படலைக்கு நேரே வேகத்தைக் குறைத்து, பிறகு போனது. இருவரும் அது போய் முடியும்வரை கேட்டார்கள்.

பிரேமிளா அவர் தொடாமல் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.